ஸ்கீயிங், ஸ்கேட்டிங் போகும் பிள்ளைகளுக்கு எந்தக் கம்பளி சாக்ஸ்?

கேள்வி:
பையனுக்கு 7 வயது, ஸ்கீயிங். மகளுக்கு 10, ஐஸ் ஸ்கேட்டிங். இரண்டு பேருமே ஒரு மணி நேரத்துக்குள் கால் விறைக்குதுன்னு வந்து நிற்கிறாங்க. தடிமனான கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுவிட்டும் இதே கதைதான். இன்னும் தடிமனா வாங்கணுமா?

பதில் 1:
அந்த இரண்டாவது ஜோடியை முதலில் கழற்றுங்க. கம்பளி சூடு தருவது இழைகளுக்கு இடையே தங்கும் காற்றால். ஸ்கீ பூட் கொஞ்சமும் விரியாது. உள்ளே திணித்தால் அந்தக் காற்று நசுங்கிப் போகும், பாதத்துக்கு ரத்த ஓட்டமும் குறையும். ஒரே ஜோடி, மெல்லியது அல்லது நடுத்தரம், முழங்கால் வரை வரணும். பூட்டின் நாக்கு அழுத்துகிற முன்பக்க எலும்பு மேல் மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் போதும்.

லேபிளைப் படிங்க. 60–70% மெரினோ (மெல்லிய, மென்மையான ஆட்டுக் கம்பளி), மீதி பெரும்பாலும் நைலான், சில சதவீதம் எலாஸ்டேன் (இழுபடும் இழை) என்பது நல்ல கலவை. நைலான் இல்லாவிட்டால் குதிகால் சீக்கிரம் தேய்ந்துவிடும். "கம்பளி" என்று முன்னால் பெரிதாகப் போட்டு, பின்னால் 15% என்று இருக்கும், ஏமாறாதீங்க. பருத்தி அதிகமுள்ளது வேண்டவே வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்துக் காலைச் சில்லிட வைக்கும்.

இன்னொன்று, தெர்மல் பேன்ட்டின் நுனி பூட்டுக்குள் போகக் கூடாது. அந்த மடிப்புதான் பாதி நேரம் வலிக்குக் காரணம். சாக்ஸை மேலே இழுத்துவிட்டு, பேன்ட்டை பூட்டின் விளிம்புக்கு மேலேயே நிறுத்துங்க.

பதில் 2:
மகளுக்கு இதைவிடவும் மெல்லிசா வேணும். ஸ்கேட்டில் குதிகால் அசையாமல் உட்கார்ந்தால்தான் பிளேடு சொன்னபடி கேட்கும். லேஸை விரல் பக்கம் தளர்வா, கணுக்கால் பக்கம் இறுக்கமா கட்டுங்க. எல்லா இடத்திலும் ஒரே இறுக்கு இறுக்கினால் எந்த சாக்ஸ் போட்டும் விரல் குளிரத்தான் செய்யும்.

வீட்டிலேயே சாக்ஸ் போட்டு அனுப்பாதீங்க. போகும் வழியிலேயே வியர்த்துவிடும். அங்கே போய் உலர்ந்த ஜோடியை மாட்டுங்க, பையில் இன்னொன்று வைங்க.

கேட்டவர்:
நன்றி. அளவு எப்படிப் பார்ப்பது? அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்னு பெரிசா வாங்கலாமா? துவைத்ததில் ஒரு ஜோடி பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிடுச்சு.

பதில் 1:
வயதைப் பார்த்து வாங்காதீங்க, பாத நீளத்தைப் பாருங்க. போட்டதும் சாக்ஸின் குதிகால் சரியாகக் குதிகாலில் உட்காரணும். கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றால் பெரிசு. அந்த மிச்சத் துணி விரலடியில் சுருண்டு கொப்புளம் போடும். ஸ்கீ பூட்டையும் சோதியுங்க: உள்லைனரை (உள்ளே இருக்கும் மெத்தை உறை) எடுத்துவிட்டு, விரல் முன்னால் தொடும்படி வெறுங்காலை வைத்தால், குதிகாலுக்குப் பின்னால் 1.5 முதல் 2 செ.மீ. இடம் இருக்கணும்.

பதில் 3:
சுருங்கினதை மீட்க முடியாது. சூடும் உரசலும் சேர்ந்தால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், பிறகு பிரியாது. 30 டிகிரி, கம்பளி புரோகிராம், உள்பக்கம் வெளியே திருப்பி. என்சைம் உள்ள சோப்பு கம்பளியின் புரதத்தையே அரிக்கும். சாஃப்ட்னர் இழை மேல் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் கெடுக்கும். டிரையர், ஹீட்டர் இரண்டும் வேண்டாம், தட்டையாகப் பரப்பி உலர்த்துங்க. பூட்டின் உள்லைனரையும் ராத்திரி வெளியே எடுத்து வைங்க. அது ஈரமா இருந்தால் புது சாக்ஸ் பத்து நிமிஷத்தில் நனைந்துடும்.