மின்படகா, மின்கலமா, கரண்ட் வள்ளமா? (புதன்கிழமை அச்சு, அவசரம்)

நிலாவெளிக்காரி எழுதியது:

அன்பின் நண்பர்களே, ஒரு சொல் வேண்டும். உள்துறைமுகத்தில் பற்றரியில் ஓடும் வள்ளங்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவர ஆசைப்படும் பத்துப் பேர் சேர்ந்து ஓர் அமைப்புத் தொடங்குகிறோம். பிரித்தானியாவில் 1982இலேயே இப்படியொரு சங்கம் தோன்றிவிட்டது. அதை முன்மாதிரியாக வைத்து ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி, 'மின்படகு ஆர்வலர் சங்கம்' என்று தலைப்பிட்டு அச்சகத்துக்கு அனுப்பினேன். திருத்தம் பார்க்க வந்த படியில் 'மீன்படகு ஆர்வலர் சங்கம்' என்று இருக்கிறது. பொடியனில் பிழை சொல்ல மனம் வரவில்லை. திருகோணமலையில் வேறு யார் அதை எப்படி வாசிப்பார்கள்?

கிண்ணியா மிசின் எழுதியது:

சரியாத்தானே அடிச்சிருக்கான், தங்கச்சி! அதைவிடப் பெரிய வில்லங்கம் 'சங்கம்'. எங்களுக்குச் சங்கம் எண்டா மீனவர் கூட்டுறவுச் சங்கம். பலகையைக் கண்ட உடனே மண்ணெண்ணெய் மானியம் எப்ப தருவீங்க எண்டு கரை முழுக்க வந்து நிக்கும். கழகம் எண்டு போடுங்க, விளையாட்டாக்கும் எண்டு விட்டுருவாங்க. மற்றது 'கரண்ட் வள்ளம்'. முடிஞ்சுது.

உப்புவெளி வாத்தியார் எழுதியது:

கழகத்தை ஏற்கிறேன். கரண்டை ஏற்கேன். ஆனால் 'மின்படகு' என்பதே புணர்ச்சி அறியாதார் ஆக்கம். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். அப்படியானால் மிற்படகா என்பீர்கள். இல்லை. "மின்னும் பின்னும் பன்னும் கன்னும் அந்நாற் சொல்லும் தொழிற்பெயர் இயல" என்று தொல்காப்பியர் தனியே விதித்துவிட்டார். நன்னூலாரும் அவ்வழியே. உகரம் பெற்று வல்லெழுத்து மிகும்: மின்னுக்கடுமை. ஆகவே மின்னுப்படகு. மீனோடு வந்த குழப்பமும் அத்தோடு ஒழிந்தது.

ரொறன்ரோத் தோழன் எழுதியது:

ஐயா, அவர் சொன்னது வானத்து மின். நாம் எழுதுவது மின்சாரத்தில் ஒடித்தெடுத்த துண்டு. உங்கள் விதியைப் பிடித்தால் மின்குமிழ் மின்னுக்குமிழ் ஆகும், மின்கம்பம் மின்னுக்கம்பம் ஆகும். மின்சார சபைக்கு யார் போய்ச் சொல்வது?

எனக்குப் படகுதான் உறுத்துகிறது. வங்கம், திமில், அம்பி, பஃறி, ஓடம், நாவாய் என்று இத்தனையை வைத்துக்கொண்டு ஏன் இந்த வறுமை? சிலப்பதிகாரத்தில் பரிமுக அம்பி, கரிமுக அம்பி, அரிமுக அம்பி என்று துறையில் வரிசையாக நிற்கின்றன. முகப்பைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். எது தள்ளுகிறது என்று பார்த்து அல்ல. என் முன்மொழிவு, மரக்கலம் போல, மின்கலம்.

சாம்பல்தீவு விஞ்ஞானம் எழுதியது:

மின்கலமா! எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், ரோர்ச் லைற்றுக்குள் போடுவது என்று சொல்லும். 'மின்கலத்தால் இயங்கும் மின்கலம்' என்று நான் கரும்பலகையில் எழுதினால் வகுப்பு என்னை உயிரோடு விடாது.

உப்புவெளி வாத்தியார் எழுதியது:

அதில் இழுக்கென்ன? கொள்வது எதுவும் கலமே. சோறு கொண்டால் உண்கலம், ஆளைக் கொண்டால் மரக்கலம், நெல்லை அளந்தாலும் கலம்.

கிண்ணியா மிசின் எழுதியது:

சேர், கொள்ளுறது எவ்வளவு எண்டும் பாக்கணுமே. நம்ம கரையில ஓடுற 15 குதிரைவலு மிசினை எடுங்க. ஒரு குதிரைவலு 746 வாற்று. முழு வேகத்தில ஒரு மணித்தியாலம் ஓட 11 கிலோவாற்று மணி வேணும். ஈயப் பற்றரி கிலோவுக்கு 35 வாற்று மணி தாங்கும் எண்டு வச்சாலும் 300 கிலோவுக்கு மேல போகுது. ஆறு மூட்டை சீமெந்து! வலையை எங்க வைக்கிற? லித்தியம் எண்டா பாரம் குறையும், காசு கூடும். அதால ஆழக்கடலுக்கு இது சரிவராது. உள்துறைமுகத்தில, ஒடுக்கமான வள்ளத்தில, மெதுவாப் போறவனுக்குத்தான் சரி. வேகத்தைப் பாதியாக்கினா வலு கிட்டத்தட்ட எட்டில ஒண்டு போதும். பிரசுரத்தில இதை எழுதுங்க. பேரைப் பிறகு பாப்பம்.

நிலாவெளிக்காரி எழுதியது:

நானா, எழுதிவிட்டேன். பெயர்தான் இல்லை.

சாம்பல்தீவு விஞ்ஞானம் எழுதியது:

உண்மையில் அடைமொழி மண்ணெண்ணெய் வள்ளத்துக்குத்தான் வேண்டும். ஜக்கோபி என்ற பொறியியலாளர் 1838இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் ஆட்களை ஏற்றி மின்சாரத்தில் ஓட்டிவிட்டார். 1881இல் பாரிசில் துரூவே என்ற கண்டுபிடிப்பாளர் சிறு படகில் கழற்றி மாட்டக்கூடிய மின்னியந்திரத்தைப் பூட்டி செய்ன் ஆற்றில் விட்டார். நம்மவர் 'வெளியிணைப்பு இயந்திரம்' என்று எழுதும் சாமானுக்கு மூத்த அண்ணன் அது.

ரொறன்ரோத் தோழன் எழுதியது:

இன்னொன்று. அமெரிக்காவில் 'எலெக்ட்ரிக் போட்' என்றால் 1899 முதல் நீர்மூழ்கி கட்டிவரும் நிறுவனம். கடற்படைத் துறைமுகத்தில் கூட்டம் வைக்கிறீர்கள். ஆங்கிலப் பெயரிலும் கவனம்.

நிலாவெளிக்காரி எழுதியது:

கூட்டத்துக்கு யார் யாரோ வரப்போகிறார்கள் என்று பயமாக இருக்கிறது. பொருளின் பெயரை விட்டு, அதை ஓட்டும் செயலுக்கு ஒரு சொல் தாருங்கள். படகோட்டம் என்றால் பத்திரிகையில் துடுப்புப் போட்டி. படகுச் சவாரி என்றால் புறாத்தீவுக்குப் போகும் உல்லாசப் பயணி. வலித்தல் என்றால் கை நோகும்.

கிண்ணியா மிசின் எழுதியது:

சொல் ரெண்டு வேலை செய்தா என்ன? கிண்ணியாப் பாலம் வந்தது 2009இல. அதுக்கு முந்தி நாங்க 'பாதை' எண்ட மிதவையில ஏறித்தான் அக்கரைக்குப் போனது. தண்ணியில மிதக்கிறதும் பாதை, தரையில கிடக்கிறதும் பாதை. ஒருத்தரும் குழம்பினதில்ல.

நிலாவெளிக்காரி எழுதியது:

செவ்வாய் இரவு ஆகிவிட்டது. இதுவரை வந்த வாக்கு: மின்படகு நான்கு, மின்வள்ளம் மூன்று (இரண்டு மூதூரிலிருந்து), மின்கலம் ஒன்று, மின்னுப்படகு ஒன்று. தலைப்பில் 'மின்படகுக் கழகம்'. பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பற்றரியில் ஓடும் வள்ளம்' என்று ஒரு வரி, நானாவுக்காக. 'மி'யைக் குறிலாகவே கோக்கும்படி அச்சகத்தில் நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். செயலுக்குச் சொல் கிடைக்கவில்லை. 'ஓடுவோர்' என்று சுற்றி வளைத்திருக்கிறேன். ஆர்வலரை வெட்டிவிட்டேன், பலகை கொள்ளாது.

ரொறன்ரோத் தோழன் எழுதியது:

மின்கலத்துக்கு ஒரு வாக்கு என்றால் அது என்னுடையது மட்டுமா? வாத்தியார் ஐயா?

உப்புவெளி வாத்தியார் எழுதியது:

கலத்தை ஆதரித்தேன், வாக்கு இலக்கணத்துக்குப் போட்டேன். மின்னுக்குப் பின் ஒற்று மிகாதது பற்றிய என் ஆட்சேபணை நிற்கிறது. கூட்டத்துக்கு வருவேன். வள்ளத்திலும் ஏறுவேன். பலகையை வாசிக்கச் சொல்லாதீர்கள்.