முனுசாமியின் மகன்தான் தாத்தா என்பதற்கு எந்தக் காகிதம் ஆதாரம்? (தண்டையார்பேட்டை)

தண்டையார்பேட்டைப் பேரன்:

குடும்ப வம்சாவளியை கிராம்ப்ஸ் மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தாத்தாவின் அப்பா முனுசாமி என்பதற்குக் கையில் நாலு காகிதம் இருக்கிறது. 1934 மாநகராட்சிப் பிறப்புப் பதிவு நகல் (தந்தை முனுசாமி, 'ஆண்', குழந்தை பெயர்க் கட்டம் காலி). தாத்தாவின் பள்ளி டிசி. 1962 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஜெராக்ஸ். தாத்தாவின் 1991 இறப்புச் சான்று. நாலையும் தாத்தா பெயருக்குக் கீழே ஆதாரமாகச் சேர்த்துவிட்டேன். இது போதுமா?

இன்னும் இரண்டு சந்தேகம். பிறப்புப் பதிவில் அக்டோபர் 1934, டிசியில் ஜூன் 1933. எதை வைத்துக்கொள்வது? தாத்தாவின் தங்கை பெயர் பத்திரத்தில் இல்லை. அப்படியானால் அவர் முனுசாமியின் மகள் இல்லையா?

பதிவேட்டுப்பூச்சி:

ஆளுக்குக் கீழே சேர்க்காதீர்கள் சார், உறவுக்குக் கீழே சேருங்கள். கிராம்ப்ஸில் முனுசாமியின் குடும்பப் பதிவைத் திறந்து, பிள்ளைகள் பட்டியலில் தாத்தா பெயர் மேல் வலது கிளிக் செய்தால் உறவைத் திருத்தும் பெட்டி வரும். அப்பாவோடு உறவு, அம்மாவோடு உறவு இரண்டையும் தனித்தனியே குறிக்கலாம்; பெற்ற பிள்ளையா, சுவீகாரமா என்றும் போடலாம். ஆதாரம் சேர்க்கும் இடமும் அங்கேயே உண்டு. இளைய தாரத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் இதைச் செய்யாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

இனி காகிதங்கள். ஒவ்வொன்றிலும் தகவல் சொன்னவர் யார், அவருக்கு அது நேரில் தெரியுமா என்று பாருங்கள்.

பிறப்புப் பதிவு சொல்வது, ஒரு முனுசாமிக்கு அன்று ஓர் ஆண் குழந்தை பிறந்தது என்பதை மட்டும்தான். அந்தக் குழந்தை உங்கள் தாத்தா என்று அதில் எங்கும் இல்லை. அந்தக் காலத்து வடசென்னையில் தெருவுக்கு நாலு முனுசாமி! அம்மா பெயர், தெரு, தொழில் மூன்றும் மற்ற காகிதங்களோடு பொருந்த வேண்டும். கதவு எண்ணை நம்பாதீர்கள், பழைய எண் புதிய எண் என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முன்னும் பின்னும் மூன்று வருடப் பதிவுகளில் அதே தம்பதிக்கு வேறு ஆண் குழந்தை உண்டா என்று தேடுங்கள். கைக்குழந்தையாக இறந்த அண்ணனின் பதிவைத் தம்பியுடையது என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. இறப்புப் பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

டிசியில் அப்பா பெயர் ஓரளவு பலமானது. பிள்ளையைச் சேர்க்க வந்த பெரியவர் சொன்னது அது. தேதி பலவீனம், வயது காட்டுவதற்காக மாற்றிச் சொல்வது சகஜம், ஜூன் பிறந்தநாள் என்றாலே சந்தேகப்படுவேன். இரண்டு தேதியையும் பதியுங்கள், ஒன்றை அழிக்காதீர்கள். பிறப்புப் பதிவு தாத்தாவுடையதுதான் என்று உறுதியான பிறகே அக்டோபருக்கு முதலிடம்.

இறப்புச் சான்று இறந்த தேதிக்கு நல்ல சாட்சி. அப்பா பெயரோ மகன் அல்லது மருமகன் கேள்விப்பட்டுச் சொன்னது.

நாலில் கனமானது பத்திரம். பங்கு வாங்கும் அண்ணன் தம்பிகள், உறவில்லாத ஒருவரைக் கூட்டிவந்து பாகம் கொடுத்துக் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆனால் ஜெராக்ஸை வைத்து நிற்காதீர்கள். சான்றிட்ட நகல் வாங்கி, குறிப்பை இப்படி எழுதுங்கள்: 'பாகப்பிரிவினைப் பத்திரம், 1962, ஆவண எண், புத்தகம், தொகுதி, பக்கம், எந்த சார்பதிவகம், சான்றிட்ட நகல், பார்த்த தேதி, பக்கம் 2-ல் முனுசாமியின் குமாரர் என்று உள்ளது.' கடைசித் துண்டு இல்லாத குறிப்பு பாதிக் குறிப்பு.

பாரிமுனை எழுத்தர்:

தங்கை விஷயம். 1962 பத்திரத்தில் பெண் பெயர் இல்லாததை வைத்து மகள் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்பா உயிரோடிருந்து மகன்களோடு பூர்வீகச் சொத்தைப் பிரித்திருந்தால் மகளுக்கு அதில் இடமே கிடையாது.

முனுசாமி 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, அதன்பின் பிரித்திருந்தால் கதை வேறு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளும் வாரிசு. அப்போது தன் பங்கை விட்டுக்கொடுத்து மகள் எழுதிய விடுதலைப் பத்திரம் இருக்கக்கூடும். அதே சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இணையத்தில் வராத பழைய ஆண்டுகளுக்கு சார்பதிவகத்தில் மனு கொடுக்க வேண்டும். அங்கே சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். உயில்கள் உள்ள மூன்றாம் புத்தகத்தில், எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும். இறப்புச் சான்றோடு போங்கள்.

இன்னொரு இடம் உயர் நீதிமன்றம். உயில் இல்லாமல் போனவர் சொத்துக்கு நிர்வாக அதிகாரம் கேட்கும் மனுவில், 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 278-ம் பிரிவுப்படி குடும்பத்தார், உறவினர் விவரமும் அவர்கள் இருப்பிடமும் எழுதியே ஆக வேண்டும். மகள்கள் கணவர் பெயரோடு வருவார்கள்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில், முனுசாமிக்கு முன்பே இறந்த பிள்ளைகள் விடுபட்டிருக்கலாம். அதையும் முழுப் பட்டியலாக நம்ப வேண்டாம்.

ராயபுரம் மணியோசை:

தங்கைக்குக் கல்யாணப் பத்திரிகை தேடினீர்களா? 'முனுசாமி அவர்களின் கனிஷ்ட குமாரத்தி' என்று இருந்தால் உறவும் பிறந்த வரிசையும் ஒரே வரியில் வந்துவிடும். கனிஷ்ட என்றால் இளையது, ஜேஷ்ட என்றால் மூத்தது, துவிதிய என்றால் இரண்டாவது. தமிழ் வருடத்தை ஆங்கில வருடமாக மாற்றும்போது கவனம்: சுபகிருது வருடம் தை மாதம் என்றால் 1963 ஜனவரி–பிப்ரவரி, 1962 இல்லை.

தங்கை பிள்ளைகளின் விசேஷ மொய் நோட்டில் தாய்மாமன் சீர் யார் பெயரில் என்பதும் துப்புதான். ஆனால் கூடப்பிறந்தவர் இல்லாத இடத்தில் பெரியப்பா மகனும் சீர் செய்வார். பழைய கடிதத்தில் வரும் 'அண்ணன்', 'மகள்' எல்லாமும் அப்படியே. பங்காளி வீட்டுப் பிள்ளையும் மகள்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதுபோல் சென்சஸ் தாளைத் தேடி அலையாதீர்கள். 1948 சென்சஸ் சட்டம் 15-ம் பிரிவு அதைப் பார்க்க விடாது.

தண்டையார்பேட்டைப் பேரன்:

பத்திரிகை கிடைத்தால் லேமினேட் செய்யலாமா?

பதிவேட்டுப்பூச்சி:

வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் காகிதத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் ஓரம் வெட்டாமல் படம் எடுத்துவிட்டு, அமிலமற்ற உறையில் வையுங்கள். அசல் பத்திரம் யாரிடமாவது இருந்தால் முத்திரைத்தாளின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். தாள் வாங்கியவர் பெயரும் தேதியும் அங்கேதான் இருக்கும். ஜெராக்ஸ் போடுபவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள்.