‘பிளே’யும் ஆட்டம், உதறலும் ஆட்டம்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மஞ்சக்குப்பத்திலிருந்து, ஞாயிறு இரவு

அன்புடையீர், வணக்கம்.

பழைய ஜீப்பை வீட்டிலேயே பிரித்து மாட்டிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று போன மாதம் நம் இணையக் குழுவில் சொல்லியிருந்தேன். மொத்தம் 48 பக்கம். நாற்பது முடிந்தது. முன் ஆக்சிலுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

நான் எழுதிய வாக்கியம் இது: “கிங்பின் பேரிங்கில் ஆட்டம் அதிகமானால் முன்சக்கரத்தில் ஆட்டம் வரும்.” தங்கை மகன் படித்துவிட்டு, “பெரியம்மா, ஆட்டம் வந்தா ஆட்டம் வரும்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு எதுக்குப் புஸ்தகம்?” என்றான்.

(கிங்பின் என்பது, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் முளை.) முதல் ஆட்டம், நின்ற வண்டியில் இருப்பது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் லொடக்கென்று ஒரு நூல் அளவு நகருமே, ஆங்கிலத்தில் ‘பிளே’ என்கிறார்களே, அது. இரண்டாவது, ஓடுகிற வண்டியில் வருவது. அப்பாவின் சிஜே 3பி ஜீப்பில் அதை நானே பட்டிருக்கிறேன். கெடிலம் பாலம் தாண்டி ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டும்வரை இடமும் வலமுமாக அடித்துக்கொண்டே இருந்தது. இதற்கும் ஆட்டம், அதற்கும் ஆட்டம் என்றால் படிக்கிறவர் எதை இறுக்குவார்?

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். உதவுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, திங்கள் விடியல்

அம்மா, வணக்கம்.

தொல்காப்பிய உரியியலில் ‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’ என்று இருக்கிறது. சக்கரம் நிலைகொள்ளாமல் சுழன்று தடுமாறுவதற்கு அலமரலைவிடப் பொருந்திய சொல் உண்டோ? இரண்டாம் பொருளுக்கு அதையே ஆள்க.

முதற்பொருளுக்கு ‘ஆடிடம்’ என்க. ஆடு, இடம், வினைத்தொகை. காலங்கரந்த பெயரெச்சம் என்பதால் மூன்று காலத்துக்கும் நிற்கும். உங்கள் பேரிங் நேற்று ஆடியது, இன்று ஆடுகிறது, மாற்றாவிட்டால் நாளையும் ஆடும். ஒரு சொல்லுக்குள் பழுதின் வரலாறே அடங்கிவிடுகிறது பாருங்கள்.

‘ஆட்டம்’ வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்தில் விளையாட்டுக்கு உள்ள சொல்லை அப்படியே பெயர்த்தது அது. ஆங்கிலம் அறிந்த மேற்பார்வையாளர் எவரோ பட்டறைக்குள் கொண்டுவந்திருப்பார். ‘ப்ளே’ என்றும் எழுதாதீர்கள், மெய் மொழிமுதல் வாராது. ‘பிளே’ என்று நீங்கள் எழுதியது சரி.

வில்லியனூரிலிருந்து, திங்கள் மதியம்

ஐயா வணக்கம். நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதறது கம்மி. பட்டறை வச்சிருக்கேன். தப்பா இருந்தா மன்னிக்கணும்.

ஆட்டம்ங்கறத எந்த சூப்பர்வைசரும் எங்களுக்குச் சொல்லிக்குடுக்கல. எங்க ஆயாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. பல்லு ஆடுதுன்னுதான் சொல்லும். முக்காலி ஆடுதுன்னு சொல்லும். நாங்களும் கிங்பின் ஆடுதுன்னு சொல்றோம், அவ்ளோதான்.

அக்கா, உங்க ரெண்டாவது ஆட்டத்த நாங்க ஆட்டம்னே சொல்றதில்ல. ஸ்டீயரிங் உதறுதுன்னுதான் சொல்வோம். கஸ்டமரும் அப்படித்தான் சொல்லிட்டு வருவாங்க. ‘அம்பதுல போனா உதறுதுப்பா’ன்னு வந்தா உடனே முன்னாடி ஜாக்கி போட்டுடுவோம்.

புஸ்தகத்துல இதையும் சேத்துக்குங்க. சக்கரத்த மேல ஒரு கை, கீழ ஒரு கை பிடிச்சு உள்ளயும் வெளியயும் தள்ளிப் பாக்கணும். ஆடுதா? இப்ப ஒரு ஆள ஏறச்சொல்லி பிரேக்க அழுத்தி மிதிக்கச் சொல்லுங்க, மறுபடி தள்ளுங்க. ஆட்டம் நின்னுபோச்சுன்னா அது வீல் பேரிங். பிரேக் மிதிச்சும் ஆடுச்சுன்னா கிங்பின். மேல மூடியக் கழட்டி ஷிம்ம, அதான் மூடிக்கு அடியில வச்சிருக்கிற மெல்லிசு துண்ட, எடுத்து டைட் வைக்கணும். சக்கரத்த இடது வலதா பிடிச்சு ஆட்டினா ஆடுதுன்னா டை ராடு எண்டு (ரெண்டு முன்சக்கரத்தையும் சேக்கிற கம்பியோட முனை), ஸ்டீயரிங் பாக்ஸுன்னு பாக்கணும். நிறையப் பேரு இது தெரியாம நல்ல பேரிங்க மாத்திட்டு, உதறல் போகலயேன்னு வருவாங்க.

முத்தியால்பேட்டையிலிருந்து, திங்கள் இரவு

புலவர் ஐயா பழியை ஆங்கிலத்தின்மேல் போட்டதால் என் பங்குக்குப் பிரெஞ்சு.

என் தகப்பனார் சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். படையில் வண்டி பழுதுபார்த்தவர். சக்கரத்தை அசைத்துப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் சொல்லைத் தமிழில் எழுத நம்மிடம் எழுத்தில்லை, கிட்டத்தட்ட ‘ஜெ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் அதற்கு விளையாட்டு என்று பொருள், இயந்திர ஆட்டம் என்றும் பொருள். ஜெர்மானியர் சொல்லும் ‘ஷ்பீல்’ இதே கதை. ஆக அங்கெல்லாம் விளையாட்டிலிருந்து இயந்திரத்துக்கு வந்த சொல்.

தமிழில் வழி வேறு. ஊஞ்சல் ஆடுகிறது, தென்னை ஆடுகிறது, வில்லியனூர்த் தம்பியின் ஆயாவுக்குப் பல் ஆடுகிறது. அசைதல்தான் ஆடுதலின் அடிப்பொருள். கூத்தும் கிரிக்கெட்டும் அதன்மேல் வந்து உட்கார்ந்தவை. நாம் அவர்களிடமிருந்து பெயர்க்கவில்லை. இரு தரப்பும் வேறு வேறு வாசல் வழியாக ஒரே அறைக்கு வந்திருக்கிறோம்.

(மஞ்சக்குப்பத்து அம்மையாரின் ஜீப்பில் இப்போது இருப்பது பெஜோ டீசல், 2112 சி.சி., என்று முன்பொருமுறை எழுதியிருந்தார். பிரெஞ்சு எஞ்சின் கடலூரில் ஓடுகிறது. புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஓடுவதெல்லாம் ஜப்பான் எஞ்சின்.)

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, செவ்வாய்

பல் ஆடுவதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வழக்கில் இருப்பது வேறு, கலைச்சொல் ஆவது வேறு.

இவ்வளவு பேசுகிறோம், இந்த வண்டிக்கே நம்மிடம் பெயரில்லை. ‘ஜீப்’பைக் கிரந்தம் நீக்கி எழுதினால் சீப்பாகிவிடும், வாழைப்பழம்தான் நினைவுக்கு வரும். ‘ஆஃப் ரோடு’ என்பதைச் ‘சாலைக்கப்பால்’ என்று ஓர் இதழில் பார்த்தேன், சாலைக்கு அப்பால் வயலா, சுடுகாடா? புறநானூறு 102-ஆம் பாட்டுக்குப் போங்கள். உப்பு வணிகரின் வண்டியைப் பாடுகிறார் ஔவை. எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. ‘அவல் இழியினும் மிசை ஏறினும்’ என்ன ஆகும் என்று யாரறிவார் என எண்ணி, கீழ்மரத்தில் ‘சேம அச்சு’, அதாவது உபரி அச்சு, ஒன்றைக் கட்டிவைக்கிறார்கள். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வண்டி! ‘அவல்மிசை ஊர்தி’ என்று வைத்தால் என்ன?

கடலூர்க்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். முதுநகர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு மணலில் வண்டி ஓட்டியவருக்கு அவலும் மிசையும் சொல்லித்தரவேண்டியதில்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து, செவ்வாய்

சேம அச்சு அருமை ஐயா. ‘ஸ்டெப்னி’க்குச் சேமச் சக்கரம் என்று வைத்துவிடலாம். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருப் பெயரைத்தான் நம் ஊர் லாரிக்காரர்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவல்மிசை ஊர்தி வேண்டாம். அவலை மிசைந்தபடி, அதாவது தின்றபடி, போகிற ஊர்தி என்று படிப்பார்கள்.

மட்டுறுத்துநர், செவ்வாய்

தலைப்பை ஒட்டி எழுதுங்கள். ஜீப்புக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம். அம்மா கேட்டது பிளே.

நெல்லிக்குப்பத்திலிருந்து, புதன்

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சில.

நேற்று வகுப்பில் ‘ஆடிடம்’ என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். பின்வரிசையில் ஒருவன் “ஆடி மாசம் போற எடமா சார்?” என்றான். அதோடு அழித்துவிட்டேன். புலவர் ஐயா பொறுத்துக்கொள்ளவேண்டும்.

ஆனால் ‘ஆட்டம்’ ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. ஆட்டம் என்றாலே பழுது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். வீல் பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகை ஜீப்பில் சக்கரம் இறுகிப் பிடிக்கும்வரை நட்டை முறுக்கிவிட்டு, பிறகு ஆறில் ஒரு சுற்று பின்னே விடச் சொல்வார்கள். நட்டுக்கு ஆறு முகம், அதில் ஒரு முகம். (ஆறுமுகத்தில் ஒரு முகம் என்றால் மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள்.) அப்படி விடாவிட்டால் பேரிங் சூடேறிக் கிரீஸ் உருகி ஓடிவிடும். ஆக்சிலுக்குள் ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்களின் பற்களுக்கு நடுவிலும் இப்படித்தான்: எண்ணெய்ப் படலம் நிற்கவும் சூட்டில் உலோகம் விரியவும் மயிரிழை இடம் விட்டாகவேண்டும். இவை விட்ட இடங்கள். கிங்பின் நேர்மாறு. அங்கே இடமே கூடாது, கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கவேண்டும். ஷிம்மை எடுப்பது அதற்காகத்தான்.

எனவே வேண்டுமென்றே விடுவதற்கு ‘விடுவெளி’, தேய்ந்து வந்ததற்கு ‘ஆட்டம்’ என்று பிரித்தால்?

வில்லியனூரிலிருந்து, புதன் இரவு

சார் சொல்றது கரெக்ட். ஆனா விடுவெளி எங்க பசங்க வாயில நுழையாது. ‘ஒரு மொகம் விடு’ன்னு சொல்வோம், அதுவே போதும்.

இன்னொண்ணு. கிளச் பெடல்ல வர்ற பிளேய ஆட்டம்னு போட்றாதீங்க அக்கா. பெடல் ஆடுதுன்னா பக்கவாட்டுல ஆடுது, புஷ் போச்சுன்னு அர்த்தம். மிதிக்கும்போது முதல்ல கொஞ்ச தூரம் ஒண்ணுமே பிடிக்காம போகும் பாருங்க, அதுக்கு நான் பசங்ககிட்ட ‘வெறும் மிதி’ன்னு சொல்வேன். வெறும் மிதி ஒரு இஞ்சாவது இருக்குதா பாருடான்னு. சுத்தமா இல்லன்னா கிளச் நழுவும், ரிலீஸ் பேரிங் எப்பவும் சுத்திக்கிட்டே இருந்து தேஞ்சிடும். ரொம்ப அதிகமா இருந்தா கிளச் முழுசா விடாது, கியர் போடும்போது கரகரன்னு கத்தும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து, புதன் நள்ளிரவு

தம்பி, வெறும் மிதி! இதைத்தான் மூன்று நாளாகத் தேடினேன். 27-ஆம் பக்கத்தில் ‘பெடலின் கட்டற்ற பயணம்’ என்று எழுதிவைத்திருந்தேன். இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பிரேக் சோதனையை இன்று மாலை வேப்பமரத்தடியில் செய்து பார்த்தேன். தங்கை மகன் பிரேக்கை மிதித்தான், நான் சக்கரத்தைத் தள்ளினேன். மிதிப்பதற்கு முன் மேலே பிடித்த கையில் ‘டொக்’ என்று தெரிந்தது. மிதித்த பிறகும் அதே டொக். கிங்பின்தான். போன வருடம் இதே உதறலுக்கு ஓர் ஒர்க்ஷாப்பில் இரண்டு பக்கமும் வீல் பேரிங் மாற்றிக் காசு வாங்கினார்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, வியாழன் காலை

‘உதறல்’ எடுத்தது என்றால் அச்சம் என்று பொருள். ஓட்டுநருக்கு உதறலா, சக்கரத்துக்கு உதறலா என்ற மயக்கம் வரும். அலமரலுக்கு அந்த மயக்கம் இல்லை.

வில்லியனூரிலிருந்து, வியாழன்

ரெண்டு பேருக்கும்தான் ஐயா.

மட்டுறுத்துநர், வியாழன் மாலை

இதுவரை கருத்துச் சொன்னவர்களில் ஆட்டம், உதறல் ஆகிய இரண்டுக்கும் நால்வர் ஆதரவு. ஆடிடம், அலமரல் இரண்டுக்கும் ஒருவர். விடுவெளிக்கு முன்மொழிந்தவர் மட்டும். வெறும் மிதியை எவரும் எதிர்க்கவில்லை. மேற்கொண்டு அம்மா விருப்பம்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, வியாழன் மாலை

தலை எண்ணிச் சொல் ஆக்கும் முறைக்கு நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்க. வெறும் மிதி நன்று. அதைப் பட்டறையில் கண்டெடுத்த தம்பிக்கு என் வாழ்த்து. மற்றவற்றில் என் கருத்து மாறவில்லை.

மஞ்சக்குப்பத்திலிருந்து, வெள்ளி காலை

அனைவருக்கும் நன்றி. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. “கிங்பின்னில் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங் உதறும்” என்று அந்த வாக்கியம் நின்றுவிட்டது, தங்கை மகனும் சிரிக்கவில்லை. பல்லிடை வெளிக்கு முடிவு எட்டாததால் ‘பேக்லாஷ்’ அப்படியே இருக்கிறது. பின்னிணைப்பில் சொற்பட்டியலில் ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஆடிடத்தையும், உதறலுக்குப் பக்கத்தில் அலமரலையும் சேர்த்திருக்கிறேன் ஐயா.

ஷிம்முக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ‘தகடு’ என்று போட்டுவிட்டேன். தயவுசெய்து இதற்கு யாரும் பதில் எழுதவேண்டாம்.