பச்சிளங்குழந்தையின் நிமோனியா: மருந்தை எப்போது மாற்றுவது?

கோத்தகிரி செவிலியர்:
மருத்துவர்களுக்கு வணக்கம். பிறந்த சில மணி நேரத்தில் மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டி, விலாவிடைகள் உள்வாங்கும் குழந்தைக்கு ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்துகளைத் தொடங்குகிறோம். எப்போது வேறு மருந்துக்கு மாற வேண்டும்?

குழந்தை மருத்துவர், உதகை:
சகோதரி, கல்ச்சருக்கான (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கான) இரத்தத்தை முதல் ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அதற்காக மருந்தைத் தாமதிக்கவும் கூடாது. முதல் நாள் எக்ஸ்ரேயை நம்பி முடிவெடுக்காதீர்கள், ஏனெனில் குறைமாதக் குழந்தையின் சர்ஃபக்டன்ட் (நுரையீரலின் காற்றறைகள் சுருங்காமல் காக்கும் பொருள்) குறைபாடும் நிமோனியாவும் படத்தில் ஒன்றுபோலவே தெரியலாம். 48 மணி நேரத்துக்குப் பின்னும் நிலை மோசமானால் மாற்றத்தை யோசிக்கலாம். வென்டிலேட்டரில் சில நாட்கள் இருந்தபின் தோன்றும் நிமோனியாவோ வேறு வகை: நம் நாட்டில் அதற்குக் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற, பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெரும்பாலும் காரணமாவதால், உங்கள் பிரிவின் கல்ச்சர் பதிவேட்டைப் பார்த்தே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாருக்கும் முதலிலேயே மெரோபெனெம் என்னும் வீரியமான கிருமிக்கொல்லியைக் கொடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

ஆம்புலன்ஸ் செவிலியர், குன்னூர்:
கோயம்புத்தூருக்கு அனுப்ப நேர்ந்தால், உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் பாருங்கள், மலைக்குளிர் பொல்லாதது. மேட்டுப்பாளையம் நோக்கி இறங்க இறங்கக் காற்றழுத்தம் கூடுவதால், மேலே வைத்த ஆக்சிஜன் அளவு கீழே குறைமாதக் குழந்தைக்கு மிகையாகலாம். இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 90 முதல் 95 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி, கொடுக்கும் ஆக்சிஜனை வழியிலேயே குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

கோத்தகிரி செவிலியர்:
நன்றி. மூச்சுக்குழாய்ச் சளியில் மட்டும் கிருமி வளர்ந்தால்?

குழந்தை மருத்துவர், உதகை:
அது நோயை உண்டாக்காமல் குழாயில் வெறுமனே குடியேறிய கிருமியாகவும் இருக்கலாம். குழந்தையின் நிலையோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.