மறு: மோஷன், ரெசல்யூஷன் இரண்டுமே ‘தீர்மானம்’ தானா?

வணக்கம் ஐயா,

அவையில் முடிவு கேட்டு வைப்பது மோஷன், அவை ஏற்ற முடிவு ரெசல்யூஷன். மோஷனுக்கு ‘எடுமொழி’ என்று சொல்லலாமே என்ற என் யோசனைக்கு நீங்கள் எழுதிய பதில் இது:

> ‘தீர்மானம்’ நன்றாகப் பழகிவிட்டது. போதாதென்றால் ‘முன்மொழிவு’ இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியில், இந்திய அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை பற்றிக் கண்காட்சி வைக்கிறார்கள். நம் பகுதியின் சி. சுப்பிரமணியம் அதில் உறுப்பினராக இருந்தவராயிற்றே. பலகை வாசகம் நான் எழுதினேன். ‘1946 டிசம்பர் 13: நேரு குறிக்கோள் தீர்மானம் கொண்டுவந்தார். 1947 ஜனவரி 22: தீர்மானம் நிறைவேறியது.’ படித்த எட்டாம் வகுப்புப் பெண், “தீர்மானம்னா முடிவு பண்ணுனதுதானுங்களே? அப்புறம் எதுக்குங்க நாப்பது நாளு?” என்று கேட்டாள்.

அந்த நாற்பது நாளில்தான் விஷயமே இருக்கிறது. முஸ்லிம் லீக் அவைக்கு வரவில்லை. அவர்கள் வர வழிவிட்டு முடிவைத் தள்ளிவைப்போம் என்று உறுப்பினர் எம்.ஆர். ஜெயகர் திருத்தம் கொடுத்தார். அவசரம் வேண்டாம் என்று அம்பேத்கரும் பேசினார். அவை காத்திருந்தது, லீக் வரவே இல்லை. ஜனவரியில் உறுப்பினர்கள் எழுந்து நின்று ஏற்றார்கள். டிசம்பரில் நேரு வைத்தது மோஷன். அது ரெசல்யூஷன் ஆனது ஜனவரியில். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், நடுவில் நடந்த வாதம் கண்ணுக்கே தெரியாது. ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது’ என்று செய்தியில் படிக்கும்போதும் இதே உறுத்தல்தான்: தீர்ந்துபோன ஒன்று எப்படித் தோற்கும்?

‘முன்மொழிவு’ நல்ல சொல். ஆனால் வேட்புமனுவில் முன்மொழிபவர் இருக்கிறார், நிதி கேட்டு அனுப்பும் திட்டக் காகிதத்துக்கும் அதே பெயர். இலங்கையில் ‘பிரேரணை’ என்று தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். இங்கே அது புழக்கத்தில் இல்லை. ஊராட்சிக் கூட்டப் பதிவேட்டில் முதலில் ‘பொருள்’, அதன் கீழ் ‘தீர்மானம்’ என்று எழுதுகிறார்கள். பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, சரி. ஆனால் ‘பொருள்’ மற்ற இடங்களில் தனியே நிற்காது.

ஊர்க்கூட்டத்தில் “இந்தப் பேச்சை எடுத்தது யாருங்க?” என்போம். அதிலிருந்துதான் ‘எடுமொழி’ தோன்றியது. வினைத்தொகை, எடுத்தாள எளிது: ஒத்திவைப்பு எடுமொழி, நம்பிக்கையில்லா எடுமொழி. எடுமொழி தோற்கலாம். வென்றால் தீர்மானம். ‘எடுத்துக்காட்டு’ நினைவுக்கு வரும் என்ற தயக்கம் எனக்கும் உண்டு, ஆனால் ‘அவையில் வைத்தார்’ என்று சேர்த்தால் குழப்பம் வராது.

பலகை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இதைவிடப் பொருந்தும் சொல் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.