மறுவாழ்வு மருத்துவர்கள் எந்த ஊரில், எந்தப் பிரிவில்? விவரம் திரட்ட உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். முதுகுத்தண்டில் அடிபட்ட என் தம்பிக்காக மறுவாழ்வு மருத்துவர் ஒருவரை, அதாவது காயத்துக்கோ நோய்க்கோ பிறகு உடல் இயக்கத்தை மீட்க உதவும் மருத்துவரை, தேடி வருகிறேன். பெயர்கள் கிடைக்கின்றன. ஆனால் யார் எதில் தேர்ந்தவர் என்ற விவரம் கிடைப்பதில்லை. கிடைக்கும் பெயர்களும் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே முடிந்துவிடுகின்றன.

பக்கவாதம், மூளைக்காயம், முதுகுத்தண்டுக் காயம், குழந்தைகளின் பெருமூளை வாதம், செயற்கைக் கை கால், நாள்பட்ட வலி என இத்துறைக்குள் பல பிரிவுகள் உண்டு. எல்லாரும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. தம்பிக்குக் காயம் மார்புத்தண்டின் மேற்பகுதியில். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலே இரத்த அழுத்தம் எகிறிவிடும். தலை இடிக்கும், முகம் சிவந்து வியர்வை கொட்டும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து அடைப்பை நீக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைக் கையாண்டு பழகிய மருத்துவர்தான் எங்களுக்கு வேண்டும்.

இது எங்கள் வீட்டுச் சிக்கல் மட்டுமல்ல. மறுவாழ்வு சிகிச்சையால் பயன்பெறக்கூடியவர்கள் 2019 நிலவரப்படி உலகில் சுமார் 240 கோடிப் பேர். ஆகவே ஊர் வாரியாக ஒரு பட்டியலே தொகுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த மருத்துவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்தப் பிரிவைப் பார்க்கிறார், உள்நோயாளியாகச் சேர்க்கும் வசதி உண்டா, தசை இறுக்கத்துக்கு ஊசி போடுகிறாரா, சிறுநீர்ப்பை அழுத்தப் பரிசோதனை அங்கேயே நடக்கிறதா என்று எழுதுங்கள். தொலைவில் இருப்போருக்குக் காணொளியில் ஆலோசனை தருபவர் என்றால் அதையும் அவசியம் சொல்லுங்கள். இயன்முறை சிகிச்சையாளர்களின் பணியும் பெரிது. அவர்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். மருத்துவர்களின் சொந்தத் தொலைபேசி எண்களை மட்டும் இங்கே பதிவிட வேண்டாம்.

முதுகுத்தண்டுப் பிரிவு மருத்துவரைத் தெரிந்தவர்கள் முதலில் எழுதினால் பேருதவியாக இருக்கும்.