அப்டேட்: நம்ம பையனுக்கு கணையப் பிரச்சனைதான்

போன தடவை போட்டிருந்தேன்ல, ஜெர்மன் ஷெப்பர்ட், தட்டை வழிச்சு நக்கிட்டு இன்னும் கேக்குறான் ஆனா எலும்பும் தோலுமா ஆயிட்டே போறான், மலம் வெளுத்துப்போய் எண்ணெய் மினுக்கோட குவியல் குவியலா போறான்னு. பாதி பேர் பூச்சி மருந்து குடுங்கன்னீங்க, அது இல்ல. வெறும் வயித்துல ரத்தம் எடுத்து டிஎல்ஐ டெஸ்ட் (ரத்தத்துல கணைய என்சைம் எவ்ளோ இருக்குன்னு பாக்கறது) பண்ணாங்க, லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்கு கீழ இருந்தா கணையம் செரிமான என்சைம் சுரக்கலன்னு அர்த்தமாம், இவனுக்கு அதுக்கும் கீழ. இந்த பிரீட்ல இது சகஜமாம் (வாங்கும்போது யாரும் சொல்றதில்ல!). இப்ப வேளாவேளைக்கு சாப்பாட்டுல என்சைம் பவுடர், கூடவே பி12 ஊசி, அதுவும் குறைஞ்சிருந்துச்சு. மலம் கெட்டியாகி பழுப்பு கலருக்கு வந்துடுச்சு, இடுப்பெலும்பு மேல கொஞ்சம் சதை தெரியுது. பவுடர் ஆயுசு முழுக்க போடணும். யாராவது குடுக்கறீங்கன்னா ஈறை அப்பப்ப பாருங்க, சில நாய்க்கு வாய்ல ரத்தம் கசியும், அப்படின்னா டாக்டர்ட்ட சொல்லி அளவைக் குறைக்கலாம்.